உலர் திராட்சை விவசாயிகள் ஒன்றுசேர்ந்த வரலாறு: ‘சன்-மெய்ட்’ கூட்டுறவு சொல்லும் பாடம் என்ன?

அறுவடைக் காலத்தில் எல்லா விவசாயிகளும் ஒரே நேரத்தில் விற்பனைக்கு வந்தால் விலை சரியும். சரக்கைச் சில மாதங்கள் இருப்பு வைக்கும் வசதி உள்ளவருக்கே ஆதாயம் கிடைக்கும். தக்காளிக்கும் வெங்காயத்திற்கும் பொருந்தும் இந்த விதி, பாயசத்திலும் கேசரியிலும் சேரும் உலர் திராட்சைக்கும் பொருந்தும். இந்த விதியை மாற்றியமைக்கும் நோக்கத்துடன், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஃபிரெஸ்னோ நகரில் 1912-ஆம் ஆண்டு திராட்சை விவசாயிகள் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். அதுவே இன்று ‘சன்-மெய்ட்’ என்ற பெயரில் உலகின் பல நாடுகளில் அறியப்படும் உலர் திராட்சைக் கூட்டுறவு அமைப்பாகும்.

சிவப்பு நிறப் பெட்டியில், திராட்சைக் கூடையை ஏந்தி நிற்கும் பெண்ணின் படம் அதன் அடையாளம். அந்தப் படம் பிரபலமான அளவுக்கு அதன் பின்னணி அறியப்படவில்லை. தனித்தனியாக நின்று விலை பேச முடியாத விவசாயிகள் ஒன்றுசேர்ந்து உயர்ந்ததும், அந்த ஒற்றுமையைக் கட்டாயமாக்க முற்பட்டபோது வன்முறையும் வழக்குகளும் சூழ்ந்ததும் அந்த வரலாற்றில் அடங்கும். கூட்டுறவுத் துறைக்கு மீண்டும் முக்கியத்துவம் அளிக்கப்பட்டு வரும் இந்தியாவிலும் இந்த வரலாறு கவனத்திற்குரியது.

பள்ளத்தாக்கில் வேரூன்றிய பயிர்

கலிபோர்னியாவின் நடுப்பகுதியில் அமைந்துள்ளது சான் வாக்கின் பள்ளத்தாக்கு. நீண்ட, வறண்ட, மழையற்ற கோடை அதன் இயல்பு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால்வாய்ப் பாசனமும் இரயில் பாதையும் வந்த பிறகு, ஃபிரெஸ்னோ நகரைச் சுற்றியுள்ள நிலங்கள் திராட்சைத் தோட்டங்களாக மாறின.

1873-ஆம் ஆண்டு வீசிய கடும் வெப்ப அலையில் கொடியிலேயே பழங்கள் காய்ந்துவிட, அவற்றைச் சான் பிரான்சிஸ்கோ நகர வியாபாரி ஒருவர் அயல்நாட்டு அரிய பண்டம் எனக் கூறி விற்றதிலிருந்து இத்தொழில் தொடங்கியதாக அப்பகுதியில் ஒரு செவிவழிச் செய்தி நிலவுகிறது. அது எவ்வாறாயினும், தொழிலுக்கு நிலையான அடித்தளம் இட்டது ஒரு புதிய திராட்சை இரகமே.

இங்கிலாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறிய வில்லியம் தாம்சன் என்ற விவசாயி, 1872-இல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து திராட்சைக் குச்சிகளை வரவழைத்து நட்டார். சில ஆண்டுகளில் அதில் விதையற்ற பழங்கள் காய்த்தன. அதற்கு முன்னர் பயிரிடப்பட்ட மஸ்கட் இரகத்தில் விதைகள் இருந்ததால், உலர்த்திய பிறகு அவற்றைத் தனியே நீக்க வேண்டியிருந்தது. தாம்சன் நட்ட இரகத்தில் அந்த வேலையே இல்லை. அவரது பெயரால் ‘தாம்சன் சீட்லெஸ்’ என வழங்கப்பட்ட அந்த இரகம், படிப்படியாகப் பள்ளத்தாக்கு முழுவதும் பரவியது.

உண்மையில் அது புதிதாகத் தோன்றிய இரகம் அன்று. மேற்கு ஆசியாவிலும் மத்திய ஆசியாவிலும் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வந்த ‘சுல்தானா’ அல்லது ‘கிஷ்மிஷ்’ என்னும் திராட்சையே அது. தமிழகக் கடைகளில் உலர் திராட்சையைக் குறிக்கும் ‘கிஸ்மிஸ்’ என்ற சொல்லும் அந்தப் பாரசீகப் பெயரின் திரிபேயாகும்.

நான்கு கிலோவுக்கு ஒரு கிலோ

திராட்சையை உலர் திராட்சையாக மாற்றும் முறை எளிமையானது. ஆகஸ்ட் மாத இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் பழுத்த குலைகள் வெட்டப்பட்டு, கொடி வரிசைகளுக்கு இடையே தரையில் விரிக்கப்படும் தட்டுகளில் பரப்பப்படுகின்றன. தொடக்கத்தில் மரத் தட்டுகள் பயன்பட்டன. பின்னர் தடித்த காகித விரிப்புகள் வந்தன. இரண்டு முதல் மூன்று வாரங்கள் வெயிலில் காய்ந்து, பழத்தின் ஈரப்பதம் சுமார் 15 விழுக்காடாகக் குறைகிறது. நான்கு கிலோவுக்குச் சற்று அதிகமான பழம் காய்ந்தால் ஒரு கிலோ உலர் திராட்சை கிடைக்கும்.

இந்த மூன்று வாரங்களே விவசாயியின் ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கின்றன. செப்டம்பரில் எதிர்பாராமல் மழை பெய்தால், தரையில் கிடக்கும் பழம் பூஞ்சை பிடித்து வீணாகிவிடும். மழை பெய்யாமல் நல்ல விளைச்சல் கிடைத்தாலும் மற்றொரு சிக்கல் காத்திருந்தது. பள்ளத்தாக்கின் மொத்தச் சரக்கும் ஒரே மாதத்தில் விற்பனைக்கு வந்து சேரும் என்பதே அது.

விலையை நிர்ணயித்தது யார்?

உலர் திராட்சை புதிய பழத்தைப் போல விரைவில் அழுகுவதில்லை. மாதக்கணக்கில் சேமிக்கலாம், கப்பலிலும் இரயிலிலும் தொலைவுக்கு அனுப்பலாம். ஆனால் அதற்கு முன் காம்பு நீக்கி, கழுவி, தரம் பிரித்து, பெட்டியில் அடைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பேக்கிங் ஆலைகள் தனியார் வணிகர்களிடம் இருந்தன. சேமிப்புக் கிடங்குகளும் நியூயார்க், சிகாகோ போன்ற தொலைதூரச் சந்தைகளின் தொடர்புகளும் அவர்களிடமே இருந்தன.

சிறு விவசாயியிடம் கிடங்கும் இல்லை. காத்திருக்கும் பொருளாதார வலிமையும் இல்லை. அறுவடைக் கூலி, வங்கிக் கடன் ஆகியவற்றுக்கு உடனடியாகப் பணம் தேவைப்பட்டதால், கேட்ட விலைக்கு விற்க வேண்டியிருந்தது. நல்ல விளைச்சல் ஆண்டுகளில் சாகுபடிச் செலவுக்குக்கூட விலை கட்டுப்படியாகாத நிலை ஏற்பட்டது.

இதற்குத் தீர்வு காணும் முயற்சிகள் 1890-களிலேயே தொடங்கின. ‘உலர் திராட்சை மன்னர்’ எனப் பெயர்பெற்ற பெருந்தோட்ட உரிமையாளர் எம். தியோ கியர்னியின் தலைமையில், 1898-இல் கலிபோர்னியா உலர் திராட்சை விவசாயிகள் சங்கம் உருவானது. பெரும்பாலான விவசாயிகள் அதில் இணைந்தனர். சில ஆண்டுகள் விலையும் உயர்ந்தது. எனினும் பேக்கிங் வேலையில் தனியார் நிறுவனங்களின் பிடி தளரவில்லை. உள்முரண்பாடுகளாலும் சங்கம் வலுவிழந்து, சில ஆண்டுகளிலேயே செயலற்றுப் போனது. விளைச்சலை ஒன்றுசேர்த்தால் மட்டும் போதாது, அதைப் பதப்படுத்தி விற்கும் அமைப்பும் விவசாயிகளின் கையில் இருக்க வேண்டும் என்பதே அந்தத் தோல்வி விட்டுச்சென்ற பாடம்.

1912: புதிய நிறுவனம்

அந்தப் பாடத்தின் அடிப்படையில் 1912-இல் ‘கலிபோர்னியா அசோசியேட்டட் ரெய்சின் கம்பெனி’ தொடங்கப்பட்டது. விவசாயிகளும் ஃபிரெஸ்னோ நகர வணிகர்களும் வங்கியாளர்களும் பங்குத்தொகை செலுத்தினர். பள்ளத்தாக்கின் பொருளாதாரமே திராட்சையை நம்பியிருந்ததால், விவசாயி வாங்கும் சக்தியை இழந்தால் நகரமும் நலிவடையும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நிறுவனத்தின் அடித்தளம் விவசாயிகளுடனான ஒப்பந்தம். பல ஆண்டுகளுக்குத் தமது விளைச்சல் முழுவதையும் நிறுவனத்திற்கே அளிப்பதாக விவசாயி கையொப்பமிட வேண்டும். பதிலுக்கு நிறுவனம் குறைந்தபட்ச விலைக்கு உத்தரவாதம் அளித்தது. மாநிலத்தின் உலர் திராட்சையில் பெரும்பங்கு விரைவிலேயே ஒரே கையில் சேர்ந்தது. அதன்பின் அறுவடை மாதத்தில் அவசரமாக விற்க வேண்டிய தேவை இல்லை; சந்தையின் தேவைக்கேற்ப ஆண்டு முழுவதும் சரக்கை வெளியிட முடிந்தது. படிப்படியாகச் சொந்த ஆலைகளும் வந்தன. 1918-இல் ஃபிரெஸ்னோவில் மிகப்பெரிய பேக்கிங் ஆலை திறக்கப்பட்டது.

எனினும் இந்த அமைப்பில் ஒரு குறை இருந்தது. விவசாயிகளின் பெயரால் இயங்கினாலும், சட்டப்படி அது ஒரு பங்கு நிறுவனம். பங்குதாரர்கள் அனைவரும் விவசாயிகள் அல்லர். நிர்வாக அதிகாரம் ஒரு சிறிய அறங்காவலர் குழுவிடம் குவிந்திருந்தது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்ற கூட்டுறவுக் கொள்கையிலிருந்து அது விலகி நின்றது. பின்னாளில் நீதிமன்றத்தில் எழுந்த சிக்கலுக்கு இந்த விலகலே காரணமானது.

சிவப்புத் தொப்பி அணிந்த பெண்

இருப்பு வைத்திருப்பது விலையைக் காக்கும். ஆனால் விற்பனையைப் பெருக்க மக்கள் விரும்பி வாங்க வேண்டும். அதுவரை உலர் திராட்சை மளிகைக் கடைகளில் பெரிய மரப்பெட்டிகளிலிருந்து நிறுத்து விற்கப்பட்ட, பெயரற்ற சரக்காகவே இருந்தது. அதற்கு ஒரு வணிகப் பெயர் சூட்ட நிறுவனம் முடிவு செய்தது.

‘வெயிலால் ஆனது’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரும் ‘சூரிய நங்கை’ என்று பொருள்படும் தொடரும் ஒரே ஒலிப்பைக் கொண்டவை. அந்த இரட்டைப் பொருளில் அமைந்த ‘சன்-மெய்ட்’ என்ற பெயர் 1915-இல் அறிமுகமானது. அதே ஆண்டு, பனாமா கால்வாய்த் திறப்பைக் கொண்டாடும் வகையில் சான் பிரான்சிஸ்கோவில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அங்கு வருகை தந்தவர்களுக்கு உலர் திராட்சை வழங்கும் பணியில் நிறுவனம் அமர்த்திய இளம்பெண்களில் ஒருவர் லொரெய்ன் கோலெட். சிவப்புத் தொப்பி அணிந்து, திராட்சைக் கூடையுடன் அவர் ஓவியத்திற்கு நின்றார். அந்த நீர்வண்ண ஓவியமே வணிகச் சின்னமாகிப் பெட்டிகளில் இடம்பெற்றது. காலத்திற்கேற்பச் சில முறை மாற்றி வரையப்பட்டாலும், நூற்றாண்டைக் கடந்தும் அதே சின்னம் தொடர்கிறது. கோலெட் அணிந்த தொப்பி தற்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

பெயரும் படமும் விளம்பரத்திற்காக மட்டும் உருவாக்கப்பட்டவை அல்ல. நுகர்வோர் குறிப்பிட்ட பெயரைக் கேட்டு வாங்கத் தொடங்கியபோது, இடைநிலை வணிகர் வேறு சரக்கைத் தள்ளிவிடுவது கடினமாயிற்று. பேரம் பேசும் வலிமையில் ஒரு பகுதி வணிகரிடமிருந்து விவசாயிகளின் அமைப்புக்கு மாறியது.

விலை உயர்வே கொண்டுவந்த நெருக்கடி

முதல் உலகப் போர் இத்தொழிலுக்கு எதிர்பாராத வாய்ப்பைத் தந்தது. மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வரும் சரக்கு தடைப்பட்டது. சர்க்கரைப் பற்றாக்குறையால் இனிப்பான உலர் பழங்களுக்குத் தேவை கூடியது. 1920-இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபோது திராட்சைத் தொழில் அழிந்துவிடும் எனப் பலர் அஞ்சினர். நடந்தது வேறு. வீடுகளில் மது தயாரிப்போர் திராட்சையை வாங்கிக் குவித்ததால் விலை மேலும் ஏறியது. பள்ளத்தாக்கில் நிலத்தின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. கடன் வாங்கி நிலம் வாங்கியோர் பலர்.

இங்குதான் கூட்டுச் சந்தைப்படுத்தலின் அடிப்படைச் சிக்கல் வெளிப்பட்டது. நிறுவனத்தால் விற்பனையைக் கட்டுப்படுத்த முடிந்தது. நடவைக் கட்டுப்படுத்த முடியவில்லை. நல்ல விலை கிடைத்ததால் ஒவ்வொருவரும் கூடுதலாகக் கொடி நட்டனர். திராட்சைக் கொடி பலன் தர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். உச்ச விலையின்போது நட்ட கொடிகள் காய்க்கத் தொடங்கியபோது சந்தையில் சரக்கு குவிந்தது. போருக்குப் பின் வெளிநாட்டுப் போட்டியும் திரும்பியது. 1921-க்குப் பிறகு விலை சரிந்தது.

இரண்டாவது சிக்கல், ஒப்பந்தத்தில் சேராத விவசாயிகள் பற்றியது. உறுப்பினர்கள் தமது சரக்கை நிறுத்தி வைத்து விலையை உயர்த்தும்போது, வெளியே நிற்பவர் எந்தச் செலவும் இன்றி அதே உயர்ந்த விலைக்குத் தமது சரக்கு முழுவதையும் விற்றுவிட முடியும். சுமை உறுப்பினருக்கும் பயன் அனைவருக்கும் என்ற நிலையில், உள்ளே இருப்பவருக்கும் வெளியேறும் எண்ணம் வரும். ஒருவர் வெளியேறினால் மற்றவர் மீதான சுமை கூடும். உலகின் எந்தச் சந்தைப்படுத்தல் கூட்டுறவும் சந்திக்கும் சோதனை இது.

இரவில் வந்த கும்பல்கள்

இந்தச் சோதனையை எதிர்கொள்வதில்தான் வரலாற்றின் இருண்ட பக்கம் எழுதப்பட்டது. 1910-களின் இறுதியிலும் 1920-களின் தொடக்கத்திலும், ஒப்பந்தக் காலம் முடிந்து மீண்டும் கையொப்பம் திரட்டும் இயக்கங்கள் நடந்தபோது, சேர மறுத்தவர்கள் மிரட்டப்பட்டனர். இரவு நேரங்களில் கும்பல்கள் வீடுகளுக்கு வந்தன. கொடிகள் வெட்டப்பட்டன, உலர்த்தும் தட்டுகள் எரிக்கப்பட்டன, சிலர் தாக்கப்பட்டனர்.

இதில் பெரிதும் பாதிக்கப்பட்டோர் அர்மீனிய, ஜப்பானியக் குடியேறிகள். ஒட்டோமான் பேரரசின் ஒடுக்குமுறையிலிருந்து தப்பி வந்த அர்மீனியர்கள் 1880-கள் முதலே ஃபிரெஸ்னோவில் குடியேறித் திராட்சை பயிரிட்டு வந்தனர். நகரின் பல பகுதிகளில் அவர்கள் வீடு வாங்கவே தடை இருந்தது. அன்றாட வாழ்வில் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களிடம், விலை விவகாரத்தில் மட்டும் ஒற்றுமை கோரப்பட்டது. அவர்களில் பலர் நிறுவனத்தின் மீது ஐயம் கொண்டதில் வியப்பில்லை.

இப்பகுதியின் திராட்சைத் தோட்டங்களில் பஞ்சாபிலிருந்து சென்ற தொழிலாளர்களும் உழைத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. 1913-ஆம் ஆண்டின் கலிபோர்னியா நிலச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டினர் விவசாய நிலம் வைத்திருப்பதைத் தடை செய்தது. பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923-இல் அளித்த தீர்ப்பு, இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் தகுதி இல்லை என அறிவித்தது. நிலத்திற்கு உரிமை இல்லாதவருக்கு விவசாயிகளின் அமைப்பில் இடமும் இல்லாமல் போனது. இன்று அதே பள்ளத்தாக்கில் பஞ்சாபி வம்சாவளியினர் பலர் உலர் திராட்சையும் பாதாமும் பயிரிடும் நில உரிமையாளர்களாக உள்ளனர்.

சட்டத்தின் தலையீடு

மாநிலத்தின் விளைச்சலில் பெரும்பங்கு ஒரே நிறுவனத்திடம் குவிந்ததும் விலை கடுமையாக உயர்ந்ததும் அமெரிக்க மத்திய அரசின் கவனத்தை ஈர்த்தன. ஏகபோகத்தைத் தடுக்கும் 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தின்கீழ், நீதித்துறை 1920-இல் வழக்குத் தொடர்ந்தது. பங்கு மூலதனம் இல்லாத விவசாய அமைப்புகளுக்கு 1914-ஆம் ஆண்டின் கிளேட்டன் சட்டம் ஓரளவு பாதுகாப்பு அளித்திருந்தது. ஆனால் ஃபிரெஸ்னோ நிறுவனம் பங்கு நிறுவனமாக இருந்ததால் அந்தப் பாதுகாப்புக்குள் வரவில்லை. 1922 தொடக்கத்தில் இருதரப்பு இசைவின் பேரில் வழக்கு முடிவுக்கு வந்தது.

அதே ஆண்டு பிப்ரவரியில் கேப்பர்-வோல்ஸ்டெட் சட்டம் நிறைவேறியது. விவசாயிகள் ஒன்றுசேர்ந்து விளைபொருளைப் பதப்படுத்தி விற்கும் உரிமையை அச்சட்டம் அங்கீகரித்தது. அதற்கு நிபந்தனைகளும் உண்டு. முதலாவதாக, உறுப்பினர்கள் விளைவிப்போராக இருக்க வேண்டும். இரண்டாவதாக, ஒருவருக்கு ஒரு வாக்கு இருக்க வேண்டும் அல்லது பங்கு ஈவு ஆண்டுக்கு 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மூன்றாவதாக, உறுப்பினர் அல்லாதோரின் சரக்கு மதிப்பு உறுப்பினர் சரக்கை விஞ்சக் கூடாது. அமெரிக்க விவசாயக் கூட்டுறவுகளின் சட்ட அடித்தளமாக இச்சட்டம் இன்றும் நீடிக்கிறது.

விலை வீழ்ச்சியாலும் கடனாலும் நெருக்கடியில் சிக்கிய நிறுவனம், ‘சன்-மெய்ட்’ என்ற பெயரையே தன் பெயராக ஏற்று, 1923-இல் விவசாயிகளின் கூட்டுறவாக மறுசீரமைக்கப்பட்டது. சந்தையை முழுமையாகக் கட்டுப்படுத்தும் கனவு அத்துடன் முடிந்தது. தரமும் வணிகப் பெயருமே அதன் புதிய பலமாயின.

அரசு வகுத்த இருப்புத் திட்டம்

தனி அமைப்பால் செய்ய இயலாததை அரசின் அதிகாரத்தால் செய்யும் முயற்சி பின்னர் வந்தது. பெருமந்தத்தைத் தொடர்ந்து 1937-இல் விவசாயச் சந்தைப்படுத்தல் ஒப்பந்தச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் அடிப்படையில் 1949-இல் கலிபோர்னியா உலர் திராட்சைக்கான ஆணை பிறப்பிக்கப்பட்டது. விளைச்சலில் ஒரு பகுதியை ‘இருப்பு’ என ஒதுக்கி, உள்நாட்டுச் சந்தைக்கு வராமல் தடுக்க ஒரு நிர்வாகக் குழுவுக்கு அதிகாரம் வழங்கப்பட்டது. ஒதுக்கிய சரக்கு ஏற்றுமதி உள்ளிட்ட பிற வழிகளில் விற்கப்பட்டது அல்லது இலவசமாக வழங்கப்பட்டது. இதில் சேர்வதும் சேராததும் விவசாயியின் விருப்பம் அன்று. அனைவரையும் ஆணை கட்டுப்படுத்தியது.

2002-03 பருவத்தில் 47 விழுக்காடும், அடுத்த பருவத்தில் 30 விழுக்காடும் இருப்பாக ஒதுக்கப்பட்டன. முதல் ஆண்டு ஒதுக்கிய சரக்குக்கு விவசாயிகளுக்குக் கிடைத்த தொகை சாகுபடிச் செலவைவிடக் குறைவு. இரண்டாம் ஆண்டு எதுவுமே கிடைக்கவில்லை. ஃபிரெஸ்னோ பகுதி விவசாயி மார்வின் ஹார்னின் குடும்பத்தினர் சரக்கை ஒதுக்கித் தர மறுத்தனர். அவர்களுக்குச் சுமார் 4 இலட்சத்து 80 ஆயிரம் டாலர் அபராதமும், உத்தரவை மீறியதற்காக மேலும் 2 இலட்சம் டாலருக்கு அதிகமான தண்டத்தொகையும் விதிக்கப்பட்டன.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. உரிய இழப்பீடு இன்றித் தனியார் சொத்தை அரசு எடுத்துக்கொள்வதை அரசியல் சாசனம் தடை செய்கிறது என்றும், நிலத்தைப் போலவே விளைபொருளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்றும் 2015 ஜூன் 22 அன்று தீர்ப்பளிக்கப்பட்டது. அத்துடன் கட்டாய இருப்பு முறை செயலிழந்தது.

கூட்டுறவு இயங்கும் விதம்

சன்-மெய்ட் 1964-இல் ஃபிரெஸ்னோவிலிருந்து அருகில் உள்ள கிங்ஸ்பர்க் நகருக்கு இடம்பெயர்ந்தது. 2012-இல் நூற்றாண்டு கண்ட அந்த அமைப்பு, திராட்சை விளைவிக்கும் குடும்பங்களுக்குச் சொந்தமான கூட்டுறவாகவே நீடிக்கிறது.

சந்தைப்படுத்தல் கூட்டுறவுகளின் பொதுவான நடைமுறை, தனியார் கொள்முதலிலிருந்து முக்கியமான ஒரு வகையில் வேறுபடுகிறது. சரக்கை ஒப்படைக்கும்போது விவசாயிக்கு முழு விலையும் கிடைப்பதில்லை. முதல் தவணையே தரப்படுகிறது. தரவாரியாக ஒன்றுசேர்க்கப்பட்ட சரக்கு ஆண்டு முழுவதும் விற்கப்பட்டு, செலவு போக எஞ்சிய தொகை, அளித்த அளவுக்கும் தரத்திற்கும் ஏற்பப் பகிரப்படுகிறது. ஒரு பகுதி ஆலை விரிவாக்கத்திற்காக உறுப்பினர் பெயரில் நிறுத்தி வைக்கப்படுவதும் உண்டு. எனவே உறுப்பினருக்குப் பொறுமை தேவை; நிர்வாகத்தின் கணக்கு மீது நம்பிக்கையும் தேவை.

கலிபோர்னியாவில் உலர் திராட்சைப் பரப்பு கடந்த சில பத்தாண்டுகளாகக் குறைந்து வருகிறது. கூலி உயர்வு, தண்ணீர்த் தட்டுப்பாடு, துருக்கி முதலிய நாடுகளின் போட்டி ஆகியவற்றால் பலர் பாதாமுக்கு மாறியுள்ளனர். கொடியிலேயே காயவைத்து இயந்திரத்தால் அறுவடை செய்யும் ‘செல்மா பீட்’ போன்ற புதிய இரகங்கள், எஞ்சியுள்ளோருக்குச் செலவைக் குறைக்க உதவுகின்றன.

இந்தியச் சூழலில்

கலிபோர்னியாவை வளப்படுத்திய அதே தாம்சன் சீட்லெஸ் இரகமும் அதன் தேர்வு வகைகளுமே மகாராஷ்டிராவின் சாங்லி, நாசிக், சோலாப்பூர் மாவட்டங்களிலும் கர்நாடகத்தின் விஜயபுராவிலும் உலர் திராட்சைத் தொழிலைத் தாங்கி நிற்கின்றன. ‘தாஸ்-ஏ-கணேஷ்’, ‘சோனாகா’ ஆகியவை அத்தகைய வகைகள். சாங்லி உலர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

இங்கு உலர்த்தும் முறை வேறு. பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட்டும் கலந்த கரைசலில் குலைகளை நனைத்து, நிழலில் அடுக்கடுக்கான வலைத் தட்டுகளில் காற்றோட்டமாக உலர்த்துகின்றனர். ஆகவே கலிபோர்னியாவின் கரும்பழுப்பு நிறத்திற்கு மாறாக, இந்தியப் பழம் பசுமை கலந்த மஞ்சள் நிறத்தில் கிடைக்கிறது.

ஆனால் விவசாயி சந்திக்கும் கேள்வி ஒன்றே. சாங்லி, தாஸ்காவ் ஏலச் சந்தைகளில் அறுவடை முடிந்தவுடன் விற்பதா, குளிர்பதனக் கிடங்கில் வைத்துக் காத்திருப்பதா என்பதை அவரது கடன் சுமையே பெரும்பாலும் முடிவு செய்கிறது. புதிய திராட்சை ஏற்றுமதிக்கு 1991-இல் ‘மகாகிரேப்ஸ்’ என்ற கூட்டமைப்பு உருவானதைப் போல, பால் விவசாயிகளுக்கு 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பதிவான சங்கம் ‘அமுல்’ என வளர்ந்ததைப் போல, நுகர்வோர் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் விவசாயிகளின் சொந்த வணிகப் பெயர் இந்திய உலர் திராட்சையில் இன்னும் நிலைபெறவில்லை.

ஃபிரெஸ்னோவில் நிறுவனம் தொடங்கிய 1912-ஆம் ஆண்டிலேதான், கடன் சங்கங்களுக்கு அப்பால் விற்பனை உள்ளிட்ட பிற நோக்கங்களுக்கும் சங்கம் அமைக்க வழிசெய்த கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. 2021-இல் மத்திய அரசில் கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் அமைந்தது. 2025-ஆம் ஆண்டைச் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. சட்டமும் அமைச்சகமும் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய உதவும். உறுப்பினரைத் தக்கவைப்பது அந்தச் சங்கத்தின் நடத்தையைப் பொறுத்தது.

ஃபிரெஸ்னோவின் அனுபவம் இதையே உறுதிப்படுத்துகிறது. பெரும்பான்மை விளைச்சலைக் கையில் வைத்து விலையை ஆள முயன்றபோது அந்த அமைப்பு பத்தே ஆண்டுகளில் நெருக்கடியில் விழுந்தது. கொடிகளை வெட்டிய கும்பல்களாலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. பின்னாளில் அரசின் கட்டாய ஆணையும் நிலைக்கவில்லை. விவசாயிகளுக்குச் சொந்தமான பேக்கிங் ஆலை, வாங்குவோர் நம்பும் பெயர், விற்ற பணத்திற்கு உறுப்பினரிடம் ஒப்படைக்கும் கணக்கு ஆகிய மூன்றுமே நூற்றாண்டைத் தாண்டி நிற்கின்றன.